கண்ணுக்குப் பட்டியல் வேண்டும்

கைபேசித் திரையில் ஒரு பழைய மாளிகையின் அறை. சாய்ந்த அலமாரி, கிழிந்த திரைச்சீலை, தூசி படிந்த பியானோ, சுவர் முழுக்கப் படங்கள். அடியில் ஒரு பட்டியல்: சாவி, குடை, பல்லி, சீட்டுக்கட்டு ராணி, கத்தரிக்கோல் என்று பன்னிரண்டு பொருள். பதினொன்று அகப்பட்டுவிட்டது. கத்தரிக்கோலைத்தான் காணோம். அங்குலம் அங்குலமாகத் துழாவியும் பயனில்லாமல் ‘குறிப்பு’ பொத்தானை அமுக்கினால், பியானோவின் காலை ஒட்டி மின்னுகிறது கத்தரிக்கோல். அதன்மேல் எந்தப் பொருளும் இல்லை. முழுசாக, பட்டவர்த்தனமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஒளிந்திருக்கும் பொருளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுகளின் வெற்றியே இந்த எரிச்சலில்தான் இருக்கிறது. 1987-இல் மார்ட்டின் ஹாண்ட்ஃபர்ட் வரைந்த ‘வேர்ஸ் வாலி?’ புத்தகம், கோடுபோட்ட சட்டைக்காரர் ஒருவரைக் கூட்டத்தில் தேடவைத்து உலகம் முழுக்க விற்றது. 2005-இல் பிக் ஃபிஷ் கேம்ஸ் வெளியிட்ட ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹண்ட்ஸ்வில்’, தேடலோடு துப்பறியும் கதையையும் சேர்த்துக் கணினியில் தனி ரகத்தையே வளர்த்துவிட்டது. நம் வார இதழ்களின் ‘ஆறு வித்தியாசங்கள்’ பக்கமும் இந்தக் குடும்பம்தான்.

கண் முன்னால் இருப்பது ஏன் கண்ணில் படுவதில்லை? இதற்கு விடை தேடி ஆய்வுக்கூடத்துக்கும் போகலாம், மலேசியாவின் வட சிலாங்கூருக்கும் போகலாம். பெஸ்தாரி ஜெயாவின் செம்பனைத் தோட்டம் தொடங்கி பாகான் நக்கோடா ஓமாரின் சேற்றுக்கரை வரை, திரையே இல்லாமல் இதே ஆட்டம் தினமும் நடக்கிறது.

நகத்தளவு பார்வை

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகம் மறைக்கும் இடம் ஏறத்தாழ 2 டிகிரி. விழித்திரையின் நடுவில் உள்ள ஃபோவியா என்ற சிறு பள்ளம் தரும் மிகக் கூர்மையான பார்வை அவ்வளவு இடத்துக்குத்தான். அதைத் தாண்டினால் தெளிவு சட்டென்று குறைந்துகொண்டே போகும். ஓரத்தில் அசைவும் வெளிச்சமும் பெரிய வடிவமும் தெரியும். எழுத்தோ கத்தரிக்கோலின் வளையமோ தெரியாது.

இந்தக் குறையை ஈடுகட்டக் கண் ஓயாமல் தாவுகிறது, நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. தாவும் நேரத்தில் காட்சி கலங்கித் தெரியாதபடி மூளை அந்தத் துணுக்கை அடக்கிவிடுகிறது. முழு அறையையும் ஒரே வீச்சில் பார்த்துவிட்டதாக நமக்குத் தோன்றுவது, இந்தத் துண்டுகளை மூளை சேர்த்துத் தைத்த காட்சி. உண்மையில் நடப்பது, இருட்டறையில் சின்ன டார்ச் விளக்கை அங்குமிங்கும் அடிப்பது போன்றது.

அடுத்த தாவல் எங்கே என்று யார் முடிவு செய்வது? சோவியத் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் யார்பஸ் இதை அழகாகக் காட்டினார். இல்யா ரெப்பின் வரைந்த ஓர் ஓவியத்தைக் காட்டி, பார்ப்பவரின் கண் போகும் தடத்தைப் பதிவு செய்தார். படத்தில் உள்ளவர்களின் வயதைச் சொல்லுங்கள் என்றால் கண் முகங்களையே சுற்றியது. குடும்பத்தின் வசதியை மதிப்பிடுங்கள் என்றால் அறையில் உள்ள பொருள்களுக்கு ஓடியது. படம் ஒன்றுதான், கேள்வி மாறியதும் கண்ணின் பாதையே மாறிவிட்டது. அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்த ஆண்டு 1967. கண்ணுக்கு இருப்பது ஊழியன் வேலை. எங்கே பார் என்று அனுப்புவது மனம். அனுப்பும்போது கையில் ஒரு பட்டியல் கொடுத்துத்தான் அனுப்புகிறது.

தானாகத் தெரிவதும் தேடித் தெரிவதும்

சிலவற்றுக்குப் பட்டியலே தேவையில்லை. கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்குப் போனவர்கள் அங்குள்ள குரங்குக் கூட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். பெரிய குரங்குகளின் உடம்பெல்லாம் வெள்ளி பூத்த சாம்பல் நிறம். ஆனால் பிறந்த குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு. சில மாதங்கள் கழித்துத்தான் அதற்குச் சாம்பல் நிறம் ஏறும். கூட்டத்தில் ஐந்து குரங்கு இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் குட்டியைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாம் அதைத் தேடுவதில்லை. அதுவே வந்து கண்ணில் விழுகிறது.

உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் கேரி கெலடும் 1980-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தந்தது. நிறம், சாய்வு, அசைவு போன்ற அடிப்படைப் பண்புகளை மூளை காட்சி முழுவதிலும் ஒரே நேரத்தில் அலசிவிடுகிறது. ஒரே பண்பில் மாறுபட்டு நிற்கும் பொருள் உடனே துருத்திக்கொண்டு தெரியும். இரண்டு பண்புகள் சேர்ந்தால்தான் அடையாளம் என்றால் கதை வேறு. பச்சை ‘எக்ஸ்’ எழுத்துகளும் பழுப்பு ‘டி’ எழுத்துகளும் இறைந்து கிடக்க, ஒரே ஒரு பச்சை ‘டி’-யைத் தேடச் சொன்னால், கவனத்தை ஒவ்வொன்றிலும் நிறுத்தி நிறத்தையும் வடிவையும் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்து கூடக் கூட நேரமும் கூடுகிறது. பின்னால் வந்த ஜெரமி உல்ஃப் போன்றவர்கள் இதைத் திருத்தி, நாம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, முதல் கட்ட அலசலே அடுத்த கட்டத்துக்கு வழிகாட்டுகிறது என்றார்கள். ஆனாலும் அடிப்படை அதேதான்.

விளையாட்டை வடிவமைப்பவருக்கு இது கைவந்த கலை. ஒரே பண்பில் தனித்து நிற்கும் எதையும் அவர் விடமாட்டார். பித்தளைச் சாவியைப் பித்தளைச் சட்டத்தில் வைப்பார். பல்லியை இலைக்கொடி அச்சிட்ட சுவரில் ஒட்டுவார். 2017-இல் ஏட்ரியன் டி யாங், சில்வெய்ன் டெக்ரோக் இருவரும் வெளியிட்ட ‘ஹிடன் ஃபோக்ஸ்’ இன்னும் குறும்பானது. எல்லாம் கையால் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம். நிறத்தையே எடுத்துவிட்டால் கண்ணின் முதல் ஆயுதம் போச்சு. பிறகு கூடாரத்தைத் திறந்தும், புதரை வெட்டியும், ஒவ்வொரு மனிதனாகத் தட்டியும் தேட வேண்டியதுதான். தட்டும்போது வரும் ஓசைகள் எல்லாம் வாயால் எழுப்பிப் பதிவு செய்தவை. கதவும் மாடும் மழையும் ஒரே வாயில் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும்.

நிறம் காட்டிக்கொடுப்பது மட்டுமல்ல, சில நேரம் மறைக்கவும் செய்யும். 1992-இல் மார்கன், ஆடம், மாலன் மூவரும் செய்த சோதனையில், கோடுகளின் சாய்வில் ஒளிந்த ஓர் உருவத்தின்மேல் சிவப்பும் பச்சையும் தாறுமாறாகத் தெளிக்கப்பட்டன. சாதாரணப் பார்வை உள்ளவர்கள் நிறத்தில் மயங்கி உருவத்தைத் தவறவிட்டார்கள். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் எளிதில் கண்டுபிடித்தார்கள்.

செம்பனை அடியில்

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதும் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார். நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசை 1930-இல் வாங்கியவரும் அவரே. அன்றிலிருந்து அந்த மரங்களின் அடியில் குனிந்து பழம் பொறுக்கியவர்களில் நம் சனம் எத்தனை தலைமுறை!

குலை பழுத்ததா என்பதை மரத்தின் உச்சியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. காயில் கருஊதாவாக இருக்கும் பழம் பழுக்கும்போது செம்மஞ்சளாகிறது. ஆனால் மட்டைகளின் நிழலில் இருபதடி உயரத்தில் அந்த நிறம் ஏமாற்றும். நம்பகமான சாட்சி தரையில் கிடக்கும். பழுத்த குலையிலிருந்து பழங்கள் தாமாகவே கழன்று விழும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதியும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: பழம் கழன்ற புதுக்குழி குறைந்தது 10 இருந்தால்தான் குலை பழுத்ததாகக் கணக்கு.

அந்த உதிரிகளைப் பொறுக்குவது தனி வேலை. முற்றிப் பழுத்து எண்ணெய் நிறைந்த பழமே முதலில் உதிரும், விட்டால் நட்டம். பசும்புல்லில் விழுந்த பழம் மெலாவத்திக் குட்டி போலத் தானே கண்ணில் படும். காய்ந்த மட்டைக் குவியலில் விழுந்தது அப்படியல்ல. மேல்முனை இன்னும் கருப்பு, அடி ஆரஞ்சு, சுற்றிலும் பழுப்புச் சருகு. புதிதாக வேலைக்கு வந்தவர் பார்த்துவிட்டு நகர்ந்த மரத்தடி வட்டத்தில், பின்னால் வரும் அனுபவசாலி குனிந்து ஒரு கை அள்ளுவார். அவர் கண் கூர்மையில் கூடியதல்ல. எந்தப் பண்பைத் தேட வேண்டும் என்ற பட்டியல் அவரிடம் திருத்தமாக இருக்கிறது: உருண்டை வேண்டாம், சருகுக்கு இல்லாத எண்ணெய் மினுக்கு வேண்டும், நடுவில் வேண்டாம், சரிவு முடியும் பள்ளத்தில் வேண்டும்.

இந்தத் திருத்தத்தை முதலில் பறவைகளிடம் கண்டவர் டச்சு ஆய்வாளர் லூக் டின்பெர்கன். ஊசியிலைக் காட்டில் குஞ்சுகளுக்குப் புழு கொண்டுவரும் சிட்டுகளைக் கவனித்தார். ஒரு வகைப் புழு காட்டில் தலைகாட்டத் தொடங்கிய நாள்களில் அவை அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு திடீரென்று அள்ளிக்கொண்டு வந்தன. சில முறை தற்செயலாகச் சிக்கியதும் அதன் உருவம் சிட்டின் மனத்தில் தேடல் பிம்பமாகப் படிந்துவிட்டது என்று அவர் விளக்கினார். அது வெளியானது 1960-இல், அவர் இறந்த பிறகு.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆலன் பாண்டும் ஆலன் கமிலும் ஒரு படி மேலே போய், நீல ஜே பறவைகளையே இந்த விளையாட்டை ஆடவிட்டார்கள். திரையில் மரப்பட்டை போன்ற பின்னணி, அதில் கணினி வரைந்த அந்துப்பூச்சி. பறவை சரியாகக் கொத்தினால் தீனி. இதில் ஒரு திருப்பம் உண்டு. பறவை தவறவிட்ட பூச்சிகளே அடுத்த தலைமுறையைப் பெருக்கும்படி கணினியில் விதி. தலைமுறைகள் ஓட ஓட இரண்டு மாற்றங்கள் வந்தன. பூச்சிகள் பின்னணியோடு மேலும் மேலும் கலந்தன. அதோடு ஒன்றுக்கொன்று உருவத்தில் வேறுபட்டும் போயின. ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பறவைக்கு ஒரு பிம்பம் போதும். ஆளுக்கொரு கோலம் போட்டால் எந்தப் பிம்பமும் முழுதாக உதவாது. 2002-இல் வந்த இந்த முடிவு விளையாட்டு வடிவமைப்பவர்களும் அறிந்த சூத்திரம்தான். பட்டியலில் ‘ஐந்து முட்டை’ என்று இருந்தால் ஐந்தையும் ஐந்து விதமாக வரைந்திருப்பார்கள்.

செம்பனை அடியில் குனிபவருக்கு எழுதாத ஒரு பொருளும் பட்டியலில் உண்டு: பாம்பு. எலி மிகுந்த தோட்டத்தில் நாகமும் இருக்கும். வனெஸ்ஸா லோப்யூவும் ஜூடி டெலோக்கும் 2008-இல் செய்த ஆய்வில், பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகள்கூடப் பூ, தவளை, கம்பளிப்புழு ஆகியவற்றைவிட வேகமாகப் பாம்புப் படத்தைக் கண்டுபிடித்தார்கள். பழத்துக்குப் பட்டியலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பாம்புக்கு முன்கூட்டியே எழுதிவைத்தது போலத்தான் இருக்கிறது.

இடம் மாறினால், அளவு மாறினால்

திரும்ப அந்தக் கத்தரிக்கோலுக்கு வருவோம். அதை மறைத்தது எது? இடம்தான். கத்தரிக்கோல் மேசைமேல் இருக்கும், இழுப்பறையில் இருக்கும். பியானோவின் காலை ஒட்டி இருக்காது. காட்சிக்கு ஓர் இலக்கணம் உண்டு. குளியலறையில் பல்துலக்கி தொட்டியோரம், அடுப்படியில் கரண்டி அடுப்பருகே என்று மனம் வருடக்கணக்காகப் படித்து வைத்திருக்கிறது. பொதுவாக இது பெரிய உதவி. பழக்கமில்லாத வீட்டிலும் சட்டென்று டம்ளரை எடுத்துவிடுகிறோமே.

அந்த உதவியே ஒரு நாள் காலை வாரும். மிகேல் எக்ஸ்டைன் குழுவினர் 2017-இல் குளியலறைப் படங்களில் இயல்புக்கு மிஞ்சிய பெரிய பல்துலக்கியை வைத்துச் சோதித்தார்கள். மனிதர்கள் சின்னதைக் கண்டுபிடித்தார்கள். பெரியதைப் பலமுறை தவறவிட்டார்கள். கணினியின் ஆழ்கற்றல் வலையமைப்புகள் பெரியதைத் தவறவிடவில்லை. இதில் கணினிக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அளவு பொருந்தாதவற்றை ஒதுக்கித்தான் மனித மூளை தன் தேடலை வேகமாக்குகிறது. வேகத்துக்குக் கொடுக்கும் விலை அது. கோமாளித்தனமான தேடல் விளையாட்டுகள் இந்த ஓட்டையில்தான் புகுந்து விளையாடுகின்றன. வேலிக் கம்பங்களில் ஒன்று பென்சிலாக இருக்கும். மலைச்சரிவே ஒரு தூங்கும் பூனையாக இருக்கும்.

அரிதானது தப்பும்

பாகான் நக்கோடா ஓமார், சபாக் பெர்ணாம் மாவட்டத்தின் கடலோர மீனவச் சிற்றூர். அலையாத்தி மரங்களுக்கு அப்பால் கடல் வடிந்தால் பரந்த சேறு. வடக்கே பனி தொடங்கும் மாதங்களில் சைபீரியா பக்கமிருந்து கரைப்பறவைகள் இந்தக் கடற்கரைக்கு வலசை வரும். தொலைநோக்கியில் பார்த்தால் சேறு முழுக்கச் சாம்பலும் பழுப்புமாகப் பறவைகள், எல்லாம் குனிந்து கொத்தியபடி. அந்தக் கூட்டத்தில் பச்சைக்கால் உள்ளான்களுக்கு நடுவே, அழிவின் விளிம்பில் உள்ள நார்ட்மன் உள்ளான் ஒன்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் கால் சற்றுக் குட்டை, மஞ்சள் தூக்கல். அலகு சற்றுத் தடிமன். டிரீஸ்மன் சொன்ன பச்சை ‘டி’ இதுவேதான், அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும் ‘டி’.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. உல்ஃபும் அவர் குழுவும் 2005-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சோதனை: பயணப் பெட்டிகளின் எக்ஸ்ரே போன்ற படங்களில் கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் படங்களில் இருந்தபோது 7 விழுக்காடு தவறியது. நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 விழுக்காடு தவறியது. தேடுபவர்களுக்குத் திறமை குறையவில்லை. ‘இதிலும் இருக்காது’ என்று மனம் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது. அதனால்தான் விமான நிலையச் சோதனைக் கருவிகளில் அவ்வப்போது பொய்யான ஆயுதப் படங்களைச் செருகி, பார்ப்பவரின் எதிர்பார்ப்பு மங்காமல் காக்கும் முறை வந்தது.

எதிர்பாராதது இன்னும் மோசம். 2013-இல் டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, உல்ஃப் மூவரும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சிடி ஸ்கேன்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசி ஸ்கேனில் கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா ஒன்றைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களில் 12 பேரின் கண் கொரில்லாவின் மேலேயே நின்றிருந்ததைக் கருவி காட்டியது. பட்டியலில் கட்டி இருந்தது, கொரில்லா இல்லை. அவ்வளவுதான்.

கண்டுபிடித்த பிறகு

சாகசப் புதிர் விளையாட்டில் பொருள் கிடைப்பது பாதி வேலை. அதை வைத்து என்ன செய்வது என்பது மறுபாதி. 1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி ஒன்று கிடைக்கும். அதைக் கம்பியில் மாட்டித் தொங்கியபடி பள்ளத்தைக் கடக்க வேண்டும். யோசித்து மண்டை காய்ந்தவர்கள் ஏராளம்.

கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இந்த முட்டுக்கட்டையை ஆராய்ந்தார். மெழுகுவத்தி, தீக்குச்சி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி. மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து, சுவரில் குத்தி, மேடையாக்கினால் போதும். ஊசிகளைப் பெட்டிக்குள் போட்டே கொடுத்தால் பலருக்கு இது தோன்றுவதில்லை. பெட்டி ‘ஊசி வைக்கும் சாமான்’ ஆகிவிடுகிறது. காலியாகக் கொடுத்தால் சட்டென்று தோன்றுகிறது. 2000-இல் டிம் ஜெர்மனும் மார்கரெட் டிஃபெய்டரும் இதே மாதிரிப் புதிரைக் குழந்தைகளிடம் கொடுத்தபோது, ஐந்து வயதுக்காரர்கள் இந்த வலையில் விழவில்லை. ஆறேழு வயதுக்காரர்கள் விழுந்தார்கள். பொருளின் ‘சரியான’ பயன் இன்னும் மனத்தில் இறுகாதவர்களுக்கு ரப்பர் கோழியும் கப்பிதான். கோமாளிப் புதிரில் அப்பா திணறும்போது மடியில் இருக்கும் பிள்ளை விடை சொல்வதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

அடுத்த முறை கடைசிப் பொருள் சிக்காதபோது உற்றுப் பார்ப்பதைக் கூட்டிப் பயனில்லை. பட்டியலை மாற்றி எழுதுங்கள். ‘கத்தரிக்கோல்’ என்று தேடாமல் இரண்டு வளையம் என்று தேடுங்கள். இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, இருக்கவே முடியாத இடத்தில் தொடங்குங்கள். திரையைத் தலைகீழாகப் பிடியுங்கள். அறை அறையாகத் தெரியாதபோது அதன் இலக்கணமும் கொஞ்சம் தளரும். பெயரைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுங்கள்.

இத்தனை தந்திரம் பண்ணியும் விளையாட்டு நமக்கு இரண்டு சலுகைகள் தருகிறது: எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது, அது நிச்சயம் அங்கே இருக்கிறது என்றும் உறுதி தருகிறது. உதிரி பொறுக்குபவருக்கும், சேற்றுக்கரையில் பறவை எண்ணுபவருக்கும், ஸ்கேன் பார்ப்பவருக்கும் அந்த இரண்டும் கிடையாது. தங்கள் பட்டியலைத் தாங்களே எழுதி, காலியான வட்டத்தையும் நிறைந்த வட்டத்தையும் ஒரே பொறுமையோடு பார்த்து, பட்டியலில் இல்லாத ஒன்றுக்கும் ஓர் ஓரத்தில் இடம் விட்டுவைக்கிறார்கள். அனுபவம் என்று நாம் மதிப்பதில் பெரும்பங்கு, நன்றாகத் திருத்தி எழுதிய அந்தப் பட்டியல்தான்.